மூன்றாவது மாற்றத்துக்குத் தனி விலை

அத்தியாயம் 9

போன வாரம் நாற்காலியோடு நிறுத்தியதற்கு எனக்கு நன்றாகக் கிடைத்தது. "இது பேய்க்கதை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நான் பகலில் படித்துக்கொள்கிறேன்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எனக்குப் பேய்க்கதை எழுத வராது அம்மா. நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் இன்றைக்கு நடப்பதெல்லாம் பட்டப்பகலில்தான்.

இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மூன்றாவது மாடியில் ஒரு வீடு. அதில் அம்மாவும், 'புள்ளி' என்று எல்லோரும் கூப்பிடுகிற முப்பது வயது மகளும். முகவாயில் மச்சம் இருப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. வீட்டில் 'பெரியவன்' என்று அழைக்கப்பட்ட அந்த அண்ணன், பிஸ்கட் பாக்கெட், மருந்து டப்பா, கடை போர்டு என்று வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுத்தவன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மதியம், முப்பத்தாறு வயதில், வேலை மேசையிலேயே நெஞ்சு நின்று போய்விட்டான்.

புள்ளி பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த கம்பெனியும் அதே வருஷம் மூடிவிட்டது. அண்ணனிடம் கற்றதை வைத்துக்கொண்டு அவனுடைய மேசைக்கே வந்து சேர்ந்தாள். அண்ணனுக்கு வந்த மெயில்களுக்கு அண்ணன் பெயரிலேயே பதில் போட்டாள். முதல் தடவை உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த தடவை, முதல் தடவை சொல்லாததற்கு வெட்கமாக இருந்தது. அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. பெரியவன் போன செய்தி ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது.

இப்போது நாற்காலி. பெரியவன் ஆறடி உயரம். சக்கரம் வைத்த அந்த நாற்காலியை எட்டும் மட்டும் உயர்த்தி வைத்துத்தான் உட்காருவான். அவன் போன பிறகு அதில் யாரும் உட்காருவதில்லை. புள்ளி சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாள். காலி நாற்காலி முழு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. போன வாரம் அது தாழ்ந்திருந்தது. புள்ளி அதை மறுபடி உயர்த்தி, இருக்கை எங்கே வருகிறது என்று மேசைக் காலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

இன்று காலை எழுந்து வந்து பார்த்தபோது இருக்கை கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

"அம்மா, இந்த நாற்காலிய நீ தொட்டியா?"

"அத நான் எதுக்குடி தொடறேன்?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

புள்ளி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். அது எப்போதும் போலப் பெரியவனின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் மேலே அவன் கடைசியாகப் பயன்படுத்திய நாலு எழுத்துரு. ஏதாவது ஒரு வார்த்தையை அடிக்கத் தொடங்கினால் அவன் வழக்கமாக எழுதும் வாக்கியத்தை அதுவே முடித்து வைக்கும். விலை எழுதும் இடத்தில் "வி" என்று அடித்தாலே "விலை பழையதே. மாற்றங்கள் எத்தனை வேண்டுமானாலும்" என்று வந்து நிற்கும். செத்தவன் வாயிலிருந்து வார்த்தை வருகிற வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி வேலை செய்கிறாள் என்றால், அவளுடைய தைரியத்தை நீங்கள்தான் மெச்ச வேண்டும்.

மெயில் ஒன்று வந்திருந்தது. பிஸ்கட்காரர். இந்த வீட்டு வருமானத்தில் பாதி அவருடையது.

'அன்புத் தம்பி, புது வகை ஆறு வருகிறது. ஆறு பாக்கெட்டும் நீதான் செய்ய வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். அதற்குள் உன் விலையை எழுது. தாமதமானால் என் மருமகன் ஒரு ஆளைத் தயாராக வைத்திருக்கிறான்.'

ஆறு பாக்கெட்.

அண்ணனின் விலை பாக்கெட்டுக்கு நாலாயிரம். ஆறு வருஷமாக அதே நாலாயிரம். இதுவரை அவள் செய்தது சின்னச் சின்ன வேலை. எடையை மாற்றுவது, தேதி இடத்தைப் பெரிதாக்குவது. அதற்கெல்லாம் பழைய விலையையே வாங்கிக்கொண்டாள். முழு வேலை ஒன்றுக்குச் சொந்தமாக விலை சொல்வது இதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு அம்மா டீ கொண்டு வந்தாள். இரண்டு டம்ளர். ஒன்றைப் புள்ளிக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, வைத்தது தெரிந்ததும் தானே எடுத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்காரு?"

"ஆறு பாக்கெட் வருதாம். விலை கேக்கறாரு."

"அன்புத் தம்பின்னுதானே போட்டிருக்காரு?"

"ஆமாம்மா."

அம்மாவின் முகம் லேசாக மலர்ந்தது. "விலைய ஏத்தாதடி. அவன் ஏத்தினதில்ல."

"அவன் ஏத்தாததுனாலதான்..."

"ஏத்தினா அவருக்குச் சந்தேகம் வரும். யாருப்பா இதுன்னு கேப்பாரு. நீ சொல்லணும். சொன்னா அந்த 'அன்புத் தம்பி' நின்னு போயிடும்." அம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உலகத்துல அந்த ஒரு இடத்துலயாவது என் பிள்ளை இருக்கான். அங்கேருந்தும் நீ அவன அனுப்பிடாத."

புள்ளி அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா கையை உருவிக்கொண்டு போனாள்.

பழைய விலையில் ஆறு பாக்கெட்டை ஒப்புக்கொண்டால் அடுத்த நாலு மாதம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. அண்ணனும் அப்படித்தான் எழுந்திருக்காமல் இருந்தான். விலையை ஏற்றினால் வேலையும் போகலாம், அம்மாவின் பிள்ளையும் இன்னொரு தடவை போவான். ஐந்து மணிக்கு ஆறு மணி நேரம் இருந்தது.

"வெளியில போயிட்டு வரேம்மா."

"எங்க?"

"தையல் கடைக்கு."

அம்மாவின் முகம் இறுகியது. தையல் கடை என்றால் அண்ணி. பெரியவனின் மனைவி. நாலு மாதத்துக்கு முன்னால் கடைக்கு மேலேயே ஒரு அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முன்பிருந்தே அம்மா அவளோடு பேசுவதில்லை.

"போ, போ. என் பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கறான், சட்டை எடுத்துட்டு வரேன்னு அஞ்சு மணிக்குப் போனவ ஏழு மணிக்கு வந்தா. ஒரு சட்டை எடுக்க ரெண்டு மணி நேரமா? அந்த ரெண்டு மணி நேரம் வீட்டுல என்ன பண்ணினாளோ, இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. அவகிட்டயே போய் யோசனை கேளு."

*

தையல் கடையில் நுழைந்ததும் கண்ணில் படுவது விலைப் பலகை. சட்டை, பாவாடை, உள்பாவாடை, ஓரம் அடிப்பது என்று வரிசையாக எழுதி, கடைசி வரி சிவப்பில்: 'பிரித்துத் தைக்க: இரண்டு தடவை இலவசம். மூன்றாவது தடவையிலிருந்து தனிக் காசு.'

அண்ணி வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு பள்ளிச் சீருடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மில்லிமீட்டர் பிசகாத கை. புள்ளியைப் பார்த்ததும் ஊசியை எடுத்துவிட்டு ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

புள்ளி சொன்னாள். ஆறு பாக்கெட், ஐந்து மணி, அம்மா சொன்னது எல்லாம். நாற்காலியைச் சொல்லவில்லை.

"சரி, நீ எவ்வளவு நினைச்சிருக்க?"

"ஆறாயிரம்."

"சொல்லும்போது ஏன் கண்ண மூடிக்கற?"

"மூடினேனா?"

"மூடின. கண்ண மூடிக்கிட்டு சொல்ற விலைய யாரும் குடுக்க மாட்டாங்க. எப்படி வந்துச்சு ஆறு?"

"நாலவிட ரெண்டு அதிகம். அவ்வளவுதான்."

அண்ணி சிரித்தாள். பிறகு அளவு எழுதும் நோட்டின் பின் பக்கத்தைத் திறந்து பென்சிலை நீட்டினாள். "வாடகை, கரன்ட், அத்தை மருந்து, அந்த கம்ப்யூட்டருக்கு மாசா மாசம் கட்டற காசு, சாப்பாடு. எல்லாம் போடு."

போட்டார்கள். முப்பத்தெட்டாயிரம் வந்தது.

"மாசத்துல எத்தனை நாள் நெஜமா டிசைன் பண்ற?"

"முப்பது நாளும் உக்காந்துதான் இருக்கேன்."

"உக்காந்திருக்கறத கேக்கல. மெயில் போடறது, பதிலுக்குக் காத்திருக்கறது, வேலை தேடறது, இதெல்லாம் போக?"

புள்ளி விரல் விட்டு எண்ணினாள். "பதினாலு நாள் இருக்கும்."

"அப்போ அந்தப் பதினாலு நாள்தான் முப்பது நாளுக்கும் சோறு போடணும். வகுத்துப் பாரு. நாளைக்கு ரெண்டாயிரத்து எழுநூறு சொச்சம். ஒரு பாக்கெட் எத்தனை நாள்?"

"ஒழுங்கா செஞ்சா நாலு நாள்."

"பதினொண்ணு." அண்ணி பென்சிலை வாங்கி வட்டம் போட்டாள். "இப்போ கண்ணத் தொறந்துகிட்டு சொல்லு."

"பதினோராயிரம்." சொல்லிவிட்டு புள்ளி அந்த வட்டத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அண்ணன் நாலாயிரம்தானே வாங்கினான் அண்ணி? நான் அவனவிடப் பெரிய ஆளா?"

அண்ணி சீருடையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"கடைசியா செஞ்சாரே, அந்த கோதுமைப் பாக்கெட், அதுக்கு இருபத்து மூணு நாள் உக்காந்தாரு உங்க அண்ணன். நாலாயிரத்த இருபத்து மூணால வகுத்துப் பாரு. நாளைக்கு நூத்தி எழுபத்து நாலு. கீழ ஜெராக்ஸ் கடையில நிக்கறவரு அதவிட அதிகம் வாங்கறாரு. ஏன்னா, எத்தனை தடவ வேணாலும் மாத்தித் தரேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பிஸ்கட்காரரும் மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இவரும் மாத்திக்கிட்டே இருந்தாரு. முப்பத்திரண்டு தடவ, புள்ளி. ஒரு பாக்கெட்டுக்கு."

மெஷினில் நூல் இல்லை. இருந்தும் அண்ணி மிதியை ஒரு தடவை மிதித்தாள்.

"நானும் பக்கத்துல உக்காந்து பட்டன் தைச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தேன். போதும்னு சொல்லுங்களேன்னு கேட்டா, பாவம் வயசானவருன்னு சொல்வாரு. எல்லாருக்கும் பாவம் பாத்தாரு. எங்களுக்குப் பாக்க மிச்சம் இல்ல."

புள்ளி எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாள்.

"துணிய கையில வாங்கறதுக்கு முன்னாடியே விலை சொல்லிடணும்," என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வாங்கிட்டா அது நம்ம துணி ஆயிடும். அப்புறம் வாய் வராது. அந்த செவப்பு வரி இருக்கே, அதையும் சேத்து எழுது." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "யார் பேர்ல அனுப்பப் போற?"

புள்ளி கணக்குப் போட்ட தாளைக் கிழித்து மடித்துக்கொண்டாள்.

*

வீடு திரும்பியபோது மணி மூன்று. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

அண்ணன் அந்தக் கோதுமைப் பாக்கெட்டை எப்படி ஆரம்பித்து எப்படி முடித்தான் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது புள்ளிக்கு. எட்டு மாதமாகத் திறக்காத கோப்புறையைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணோடு இருந்தன. கடைசிக் கோப்பின் பெயர் 'இறுதி 31'. சேமித்த நேரம் வியாழக்கிழமை மதியம் மூன்று இருபது. நாலு மணிக்கு அம்மா டீயோடு வந்தபோது அவன் மேசையில் தலை சாய்த்திருந்தான்.

முப்பத்தொன்று. அண்ணி முப்பத்திரண்டு என்றாளே. துக்கத்தில் எண்ணிக்கை தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறம் மாறி, எழுத்து மாறி, எல்லாம் சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்திருந்தன. கடைசியில் ஒரே ஒரு வித்தியாசம்தான். கோதுமைக் கதிர் வலது ஓரத்திலிருந்து முதலில் ஐந்து மில்லிமீட்டரில் இருந்தது. இப்போது ஏழு. இரண்டு மில்லிமீட்டர் இடது பக்கம் நகர்த்தச் சொல்லியிருக்கிறார். அதை நகர்த்தியதுதான் அண்ணன் இந்த உலகத்தில் செய்த கடைசிக் காரியம்.

புள்ளி வாய்விட்டு அழுதாள். எட்டு மாதத்தில் இப்படி அழுதது இதுதான் முதல் தடவை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தாள். பிஸ்கட்காரரின் காலைக் கடிதத்துக்குக் கீழே ஏற்கெனவே ஒரு பதில் போயிருந்தது.

இன்று. பகல் பன்னிரண்டு நாற்பது. அவள் தையல் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம்.

'விலை பழையதே. மாற்றங்கள் எத்தனை வேண்டுமானாலும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அன்புடன்..'

இரண்டு புள்ளி வைத்து முடிப்பது அண்ணனின் வழக்கம். கீழே அண்ணனின் பெயர்.

அறையில் காற்று இல்லை. ஜன்னலுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடச் சுவரில் வெயில் அப்படியே இருந்தது. புள்ளி மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். காலையில் இருந்ததை விட இன்னும் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. கைவைக்கும் இடத்தில் ஏதோ பளபளத்தது.

அம்மாவின் மூக்குக் கண்ணாடி.

அம்மாவுக்கு நாலு அடி பத்து அங்குலம். அந்த உயரத்துக்குக் கால் தரையில் பட வேண்டுமென்றால் நாற்காலியை எவ்வளவு இறக்க வேண்டுமோ, அவ்வளவுதான் இறங்கியிருந்தது.

"அம்மா!"

அம்மா வந்து அறை வாசலில் நின்றாள். புள்ளியின் கையில் தன் கண்ணாடி இருப்பதைப் பார்த்தாள். மறைக்க முயலவில்லை.

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. நீ குளிக்கப் போகும்போது, கடைக்குப் போகும்போது. சும்மா உக்காருவேன். வேற ஒண்ணும் பண்ணல." அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள் 'வி'ன்னு ஒரு எழுத்தத் தட்டினேன். அவன் எழுதறாப்பல வரியா வந்துச்சுடி. என் விரலுக்குக் கீழயே. என் பிள்ளை பேசறாப்பல இருந்துச்சு. அழிச்சுட்டேன். மறுநாள் மறுபடி தட்டினேன். இன்னிக்குத்தான் அனுப்பினேன். நீ விலைய ஏத்திடுவியோன்னு பயம்."

கோபம் தலைக்கு மேல் வந்தது புள்ளிக்கு. இரண்டு மில்லிமீட்டரைச் சொல்லிக் கத்திவிடத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மேசை இழுப்பறையில் பெரியவனின் போன் அடித்தது. மெயில் தவிர எதுவும் தெரியாத பிஸ்கட்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் போன் செய்கிறார். அம்மா எடுக்காதே என்று தலையை ஆட்டினாள்.

புள்ளி எடுத்து, அம்மாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"தம்பி? இத்தன வருஷத்துல நீ என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டதே இல்லையேப்பா! படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடம்பு நல்லா இருக்கா உனக்கு?"

பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"சார், நான் தங்கச்சி பேசறேன்." புள்ளி கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். "அண்ணன் இல்ல சார். இறந்துட்டான். எட்டு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் உங்களுக்கு எழுதினது நான்தான். இன்னிக்கு எழுதினது எங்க அம்மா. முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு."

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவர் எங்கோ நடந்து போனார் போல, மெஷின் சத்தம் குறைந்தது. பிறகு அவர், "எந்த தேதிம்மா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"பன்னிரண்டாம் தேதி. வியாழக்கிழமை. மதியம்."

"அன்னிக்கு எனக்கு ஃபைல் வந்துச்சே."

"வந்துச்சு சார். மூணு இருபதுக்கு."

"மூணு பத்துக்குத்தான் நான்..." அவர் முடிக்கவில்லை. "கதிர கொஞ்சம் எடது பக்கமா..."

"ஆமா சார்."

லைன் கட்டாகிவிட்டது. துண்டித்தது அவரா, நெட்வொர்க்கா என்று தெரியவில்லை.

மணி நாலு பத்து. புள்ளி அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"முடிச்சுட்டியாடி?" என்றாள் அம்மா.

"அவன் மொதல்லயே முடிஞ்சு போயிட்டாம்மா. எத்தனை மாற்றம் வேணாலும்னு எழுதி எழுதி, அவனே முடிச்சுக்கிட்டான். இப்போ அதே வரிய நீ என் தலையில எழுதப் பாத்த." புள்ளி மேசையைக் காட்டினாள். "நானும் அந்த மேசையில தலைய சாச்சா, எனக்கு யார் டீ கொண்டு வருவா?"

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கையாலேயே அவள் முகத்தைத் தடவினாள்.

நாலரைக்கு அம்மாதான் முதலில் எழுந்தாள். "அஞ்சு மணின்னு சொன்னாரே. எழுது."

புள்ளி எழுதினாள். 'வி' அடித்ததும் பழைய வரி வந்து நின்றது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பாக்கெட் ஒன்றுக்குப் பதினோராயிரம். ஆறுக்கும் அதே விலை. இரண்டு மாற்றங்கள் விலைக்குள் அடங்கும். மூன்றாவது மாற்றத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து ஐந்நூறு. இடையில் அனுப்பப்பட்ட பழைய விலைக் கடிதம் செல்லாது. கீழே, பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தன் முழுப்பெயர்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை உரக்கப் படித்தாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

"அனுப்பு," என்றாள்.

நாலு ஐம்பதுக்குப் போனது. ஐந்து ஆயிற்று. ஐந்தேகால். அம்மா டீ போட்டாள். இந்தத் தடவை இரண்டு டம்ளரும் சரியான கணக்குதான். ஐந்து நாற்பதுக்குப் பதில் வந்தது. 'அன்புத் தம்பி' இல்லை. புள்ளியின் பெயர் இருந்தது.

'கூட்டத்தில் பேச முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் விலை சரி. மூன்றாவது மாற்றம் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. அன்று மூன்று இருபதுக்கு வந்தது 31. அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இடது என்று எழுத இருந்தேன். எழுதுவதற்குள் மாலை ஆறு ஐந்துக்கு 32 வந்துவிட்டது. நான் கேட்காமலே என் மனசில் இருந்தபடி சரியாக நகர்த்தியிருந்தது. அதைத்தான் அச்சுக்கு அனுப்பினேன். இன்றுவரை கடைகளில் இருப்பது அதுதான். உங்கள் அண்ணன் மதியமே போய்விட்டார் என்றால், அதைச் செய்தது யார்?'

புள்ளி அனுப்பிய மெயில்களைக் கீழே கீழே நகர்த்தினாள். அந்தத் தேதியை அவள் இதுவரை தொட்டதே இல்லை. இருந்தது. மாலை ஆறு ஐந்து. ஒரு வார்த்தை எழுதாமல், கோப்புறையில் சேமிக்காத 32 மட்டும்.

"நான் இல்லடி," என்றாள் அம்மா, அவள் கேட்பதற்கு முன்பே. "நாம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்தோம்."

பாக்கெட் வெளிவந்தபோது பிஸ்கட்காரர் அனுப்பிய பெட்டி சமையலறைப் பரணில் பிரிக்காமல் கிடந்தது. அம்மா அதை இறக்கி ஒரு பாக்கெட்டை எடுத்து வந்தாள். புள்ளி ஸ்கேலை வைத்தாள். கதிரிலிருந்து வலது ஓரம் ஐந்து மில்லிமீட்டர். மறுபடி வைத்துப் பார்த்தாள். ஐந்துதான்.

இடது பக்கம் ஒரு நூல் கூட நகரவில்லை. யாரோ பெரியவனின் கடைசி மாற்றத்தைப் பிரித்து, அவன் முதன்முதலில் வைத்த இடத்திலேயே கதிரைத் திருப்பி வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு தடவை, புள்ளி.

அண்ணிக்கு எண்ணிக்கை தவறவில்லை.

"ஒரு சட்டை எடுக்க ரெண்டு மணி நேரம்," என்றாள் அம்மா மெதுவாக. பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு தன் போனை எடுத்து, எட்டு மாதமாக அழைக்காத எண்ணைத் தேடி அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள் அண்ணி. பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"சாப்டியாம்மா?" என்றாள்.

மெஷின் நின்றது.